கையில் வந்தது

‘இது நெசச் செடிங்களா?’

கண்காட்சியின் முதல் நாள், முதல் வாடிக்கையாளர், முதல் கேள்வி. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் ரப்பர் செடியின் இலையை ஒரு கிள்ளு கிள்ளினார். பால் கசிந்தது. ‘நெசந்தான்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எதிர் ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

எதிர் ஸ்டால் பிளாஸ்டிக் பூச்செடிகளுடையது. அங்கேயும் ஜனங்கள் இலையைக் கிள்ளித்தான் பார்த்தார்கள். ‘அட, அசல் மாதிரியே இருக்குதே’ என்று வியந்து வாங்கினார்கள். எங்களிடம் வந்தவர்கள் ‘அட, பிளாஸ்டிக் மாதிரிப் பளபளன்னு இருக்குதே’ என்று பாராட்டினார்கள். மூன்று நாளும் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கிள்ளியதில் சேதாரம் எங்களுக்குத்தான்.

எங்கள் நர்சரி காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் 40 சென்ட். ஒரு பக்கம் கறிவேப்பிலைக் காடு, மறுபக்கம் பாக்குத் தோப்பு. அப்பா காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது. ‘இங்கு பூச்செடி கிடைக்கும்’ என்று தகரத்தில் எழுதி வேப்பமரத்தில் ஆணி அடித்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் ‘கிடைக்கும்’ அழிந்துபோய், மீதி இரண்டு சொல் மட்டும் வருஷக்கணக்கில் நின்றது. அதனால் வியாபாரம் குறையவில்லை. இப்போது கண்காட்சி விண்ணப்பத்தில் ‘பிராண்டு பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்ததால் மருமகள் ஒரு பெயர் வைத்தாள். அதில் ‘கிரீன்’ இருக்கிறது, ‘அர்பன்’ இருக்கிறது. அர்பன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ‘வாங்கறவங்க வீட்ல இருக்குது மாமா’ என்றாள்.

விண்ணப்பத்தில் ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் ஒரு கட்டம் இருந்தது. உயிருள்ள செடிக்கு வரி கிடையாது. அது நிற்கிற பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. செடியைவிடத் தொட்டியில்தான் எங்களுக்குக் காசு நிற்கிறது என்பது அரசாங்கத்துக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு இந்தத் தொழில் வந்தது கல்லாறு பழப்பண்ணையிலிருந்து. மலை ரயில் ஏறத் தொடங்குகிற இடத்தில், 1900-இல் ஆரம்பித்த அரசுப் பண்ணை அது. மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் என்று சமவெளிக்காரன் வாயில் நுழையாத பழங்களெல்லாம் அங்கே காய்க்கும். அப்பா அங்கே தினக்கூலி. பதியன் போடவும் ஒட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டு, ஒரு கத்தியும் ஒரு கட்டு வாழைநாருமாக வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினார். டால்டா டப்பா, பெயிண்ட் டப்பா, ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் டின், எல்லாமே அவருக்குத் தொட்டிதான். செம்மண், ஆற்று மணல், மக்கின சாணி எரு. கலவை எவ்வளவுக்கு எவ்வளவு என்று கேட்டால், கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து காட்டுவார். உருண்டை உடையவும் கூடாது, ஒட்டவும் கூடாது. பாடம் அவ்வளவுதான்.

தேங்காய் நார்க்கழிவை மட்டும் அவர் தொடமாட்டார். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு மில்காரர்கள் அதை ரோட்டோரம் குன்று குன்றாகக் கொட்டி, யாராவது அள்ளிப் போனால் புண்ணியம் என்றிருந்த காலம். ‘உப்புடா அது, வேரு கருகிப்போகும்’ என்பார். அவர் சொன்னது சரிதான். இப்போது அந்த உப்பைக் கழுவி எடுத்து, காயவைத்து, 5 கிலோ செங்கல்லாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். கோகோபீட் என்று பெயர். நெதர்லாந்துக்காரர்கள் அதில் தக்காளி வளர்க்கிறார்கள். அன்றைக்கு இலவசமாக வேண்டாம் என்ற குப்பைக்கு நான் இன்றைக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறேன்.

இனி 1978. எங்கள் பக்கத்து மலர்க்கண்காட்சி அப்போது மே மாதத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும். பள்ளி லீவு, பெஞ்சுகள் சும்மா கிடக்கும், அதுதான் காரணம். தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, பெஞ்சுகள்மேல் வெள்ளைத் துணி விரித்து, பூந்தொட்டிகளை வரிசையாக வைப்பார்கள். போட்டியாளர்கள் பெரும்பாலும் டாக்டர் வீட்டம்மாக்கள், எஸ்டேட் மேனேஜர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். தொட்டிகள் அம்பாசிடர் காரில் வந்திறங்கும். எங்களுடையது மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு நடுவே வரும். செடி விற்கிறவன் போட்டியில் சேரலாமா என்று அமைப்பாளர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்து, கடைசியில் பெஞ்சு நிரம்பவில்லை என்பதால் சேர்த்துக்கொண்டார்களாம்.

விற்பனை என்று ஒன்று அங்கே கிடையாது. யாராவது ஒரு செடி பிடித்துப் போனால், ‘ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்களேன்’ என்பார்கள். அப்பா ஒடித்துக் கொடுப்பார். மணி பிளாண்ட் என்றால் கேட்கவும் மாட்டார்கள். கேட்டு வாங்கினால் காசு தங்காது, திருடினால்தான் செழிக்கும் என்று ஊரே நம்பியது. பெரிய பதவியில் இருந்த ஒருவர் எங்கள் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் கைவிட்டு ஒரு கொடியைக் கிள்ளி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். ‘செரி உடு, பெரிய மனுசன் வீட்ல காசு தங்கட்டும்’ என்றார்.

அதே மணி பிளாண்ட் இப்போது எங்கள் ஸ்டாலில் ஆறு ரகம். வெள்ளை கலந்தது, எலுமிச்சை நிறம், பளிங்கு மாதிரி ஒன்று, ‘மஞ்சுளா’ என்று பெண் பெயர் வைத்துக்கொண்ட ஒன்று. பசிபிக் கடலில் மோரேயா என்கிற சின்னத் தீவில் பிறந்த கொடி அது. பூப்பதென்பது அதற்கு மறந்தே போய்விட்டது. வளர்ப்பில் அது பூத்ததைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே வெகு சிலர். மலர்க்கண்காட்சியில் எங்களுக்கு அதிகம் விற்றுக்கொடுத்தது பூக்கத் தெரியாத இந்தச் செடி. அதை யாரும் திருடவில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தம்கூட. இப்போது மேலே கேமரா இருக்கிறது.

கூடவே மருள். எங்கள் பக்கம் வேலியோரம் கற்றாழையோடு கற்றாழையாகக் கிடக்கும். அம்மாவின் அப்பாரு அதில் நார் உரித்துக் கயிறு திரித்தாராம். அதன் அண்ணன் முறை, ஓரம் மஞ்சள் கட்டிய அயல்நாட்டு ரகம், அப்பா காலத்திலும் எங்களிடம் இருந்தது. சாக்கடை ஓரம் நட்டிருந்தோம், வேறெதுவும் அங்கே பிழைக்காது என்பதால். இப்போது அது ‘ஸ்நேக் பிளாண்ட்’. வெள்ளைப் பீங்கானில் நிற்கிறது, 450 ரூபாய். காற்றைச் சுத்தம் செய்யுமாம். தாவரவியலாளர்களும் அதன் பழைய பேரினத்தைக் கலைத்து டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். அந்தஸ்து வந்துவிட்டால் சொந்தக்காரர்களும் மாறிவிடுகிறார்கள்.

காற்று விஷயத்தை மட்டும் நான் மருமகளிடம் விடவில்லை. ‘நாசாவே சொன்னது’ என்று அட்டை எழுதி வைத்திருந்தாள். நாசா சொன்னது 1989-இல். மூடிய அறைக்குள் செடியை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி. நம் வீடு மூடிய அறை அல்ல, ஜன்னல் இருக்கிறது, கதவிடுக்கு இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2019-இல் ஒரு முடிவு சொன்னார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். இதை நான் விளக்கி முடித்ததும் மருமகள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

‘அப்ப ஒரு வீட்டுக்கு ஒண்ணு வித்தா பத்தாது, இல்லீங்களா மாமா?’

அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இவளோடு எனக்கு உண்மையான சண்டை வேறு விஷயத்தில். லாரி விஷயம். ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்தில் கடியம் என்று ஒரு ஊர். கோதாவரி வண்டல் மண். கண்ணுக்கெட்டிய தூரம் நர்சரிதான், சாலையின் இரண்டு பக்கமும். அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் ஓடி வருகிறது லாரி. இங்கே ஹைவேயில் பச்சை வலை கட்டி உட்கார்ந்திருக்கிற கடைகளில் பாதி அந்த லாரியை நம்பித்தான் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு இறக்குவோம். விடியும்போது அது ‘எங்கள் நர்சரி’ ஆகியிருக்கும். இந்தக் கண்காட்சிக்குக் கொண்டுபோன 600 தொட்டியில் நாங்கள் வளர்த்தது 40 தேறாது. அதிலும் முக்கால்வாசி நந்தியாவட்டை, நான் பிடிவாதமாக ஏற்றியது.

‘உங்க மாமனாரோட அப்பா இருந்தா இந்த லாரியைப் பாத்து நாண்டுக்கிட்டிருப்பாரு’ என்று மருமகளிடம் சொல்வது என் வழக்கம். ‘எங்க தோட்டத்துல வேர்விடாத செடி ஒண்ணுகூட அந்தக் காலத்துல எங்க மேசையில ஏறினதில்ல.’ சொல்லிவிட்டு ஸ்டாலின் மூலையில் வைத்திருந்த வெள்ளிக் கப்பைக் காட்டுவேன். வெள்ளி என்றால் வெள்ளி முலாம், அதுவும் இப்போது பித்தளை. 1978, ‘மிகப் பெரிய மலர்’ முதல் பரிசு. டேலியா. நடுவர் டெய்லரின் டேப் வைத்து அளந்தார். எங்கள் பூவின் பக்கத்தில் டாக்டர் அம்மாவின் பூ பொத்தான் மாதிரி இருந்தது.

ஊட்டி மலர்க்காட்சிக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனதும் அதற்கு முந்தைய வருஷம்தான். 1896-இல் தொடங்கிய காட்சி. 1995-இல் நூறாவது வந்தபோது அதன் நினைவாகத் தனியாக ஒரு ரோஜாப் பூங்காவே அமைத்தார்கள். நான் பார்த்தபோது அந்தத் தாவரவியல் பூங்காவுக்கு வயது 130-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் சதுப்பாகக் கிடந்த சரிவைத் திருத்திப் போட்டது. ஜனங்கள் எல்லாரும் பூவைப் பார்த்தார்கள். அப்பா குனிந்து தொட்டிகளின் அடியைப் பார்த்தார். தண்ணீர் எங்கே வடிகிறது, ஓட்டை எத்தனை, அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டிருக்கிறார்களா, கரியா. இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரம் ஒன்று அங்கே கிடக்கிறது. அதை விரலால் தட்டிப் பார்த்து, ‘இதுல பதியன் வராது’ என்று தீர்ப்புச் சொன்னார். திரும்பும்போது அவர் வேட்டி மடிப்பில் ஈரத்துணியில் சுற்றின சில குச்சிகள் இருந்தன. கீழே விழுந்து கிடந்தவை என்றார். கீழே விழாதவையும் அதில் இருந்திருக்கலாம்.

அந்தக் காலம் ரொம்பச் சுத்தம் என்று நானும் சொல்லவில்லை. ‘பூக்காத செடியை விக்கறதெல்லாம் ஒரு பொழப்பா’ என்று மருமகளைக் கேட்கிற எனக்கு, எங்களைப் படிக்கவைத்தது எது என்று தெரியாமலில்லை. குரோட்டன்ஸ். ரோஜா வாங்க ஆள் வரும், பார்க்கும், விலை கேட்கும், போகும். குரோட்டன்ஸ்தான் நிற்காமல் போகும். கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ் கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி, தொட்டிக்குக் காவி, விளிம்புக்குச் சுண்ணாம்பு. அது பூத்தால் அப்பாவே கிள்ளிப் போட்டுவிடுவார், இலை நிறம் மங்கும் என்று. சின்ன அதிகாரிக்கு ஆறு தொட்டி, பெரிய அதிகாரிக்குப் பன்னிரண்டு. இடமாற்றல் ஆகிப் போகும்போது அவற்றையே பாதி விலைக்கு வாங்கி, புதிதாக வருகிறவருக்கு முழு விலைக்கு விற்போம். ஒரே தொட்டி மூன்று அதிகாரிகளைப் பார்த்திருக்கிறது.

இவ்வளவு ஒத்துக்கொண்டாலும் கப்பு மட்டும் எனக்குப் பிடிமானம். இரண்டாம் நாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் மறுபடியும் ஆரம்பித்தேன். லாரி, அப்பா, கப்பு. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டைப்பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயது. வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது, கூட்டிவந்தால் காசு வாங்காமல் குச்சி ஒடித்துக் கொடுத்துவிடுவார். இரண்டில் பின்னது பரவாயில்லை என்று கூட்டி வந்திருந்தோம்.

‘அந்தக் கப்பா? அது என்ற அண்ணன் பூவு கண்ணு’ என்றார் மருமகளிடம். பாக்கு இடிப்பது நிற்கவில்லை.

மாமா குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் தோட்ட வேலை. டேலியா அவர் கைவண்ணம். கண்காட்சிக்கு முந்தின நாள் அப்பா குன்னூர் போய், பூ விரிந்த தொட்டியை வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்தார். கூடப் போனது நான். என் மடியில்தான் தொட்டி. இதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். நினைவில் வேறு மாதிரித் தங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்தது நினைவிருந்தது. ‘பூ மேல படாம ஜன்னல் பக்கம், ஜன்னல் பக்கம்’ என்று அப்பா கத்தியது நினைவிருந்தது. அந்தப் பூ நம்முடையதல்ல என்பது மட்டும் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. காரமடை மே மாத வெயிலில் டேலியா எப்படி அத்தனை பெரிதாகப் பூக்கும் என்று நாற்பத்தைந்து வருஷமாகச் செடியோடு கிடக்கிற நானும் ஒரு நாள் கேட்டுக்கொள்ளவில்லை. அது குளிருக்குப் பூக்கிற செடி என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் நானே சொல்கிறேன்.

நடுவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. டேப்பை மடித்துக்கொண்டே கேட்டாராம், ‘ஏனுங்க, இந்த வெயில்ல இது இங்கயே வளர்த்ததுங்களா?’

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ‘எல்லாம் நம்ம கையில வந்ததுதானுங்க’ என்றாராம்.

‘பொய் சொல்லமாட்டாரு உங்கப்பாரு’ என்றார் அம்மா. ‘கையிலதான வந்துச்சு, பஸ்ஸுல!’

மருமகள் சிரித்த சிரிப்பில் எதிர் ஸ்டால்காரர் எட்டிப் பார்த்தார். நான் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். காலையில் ஏற்கெனவே ஊற்றியிருந்தேன்.

மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை. செல்ஃபி எடுக்கப் பூவால் செய்த இதயம் ஒன்று நடுக்கூடத்தில் இருந்தது, கூட்டம் அங்கே. எங்கள் கல்லாவில் காசு விழும் சத்தம் கிடையாது. பெட்டி ஒன்று, ‘நானூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று ஒரு பெண் குரலில் ஊருக்கே சொல்லும். அப்பா இருந்திருந்தால் கண் வைப்பார்கள் என்று அதன் வாயைக் கட்டியிருப்பார். லக்கி பாம்பூ விற்றுத் தீர்ந்தது. அது மூங்கிலும் இல்லை, சீனாவில் பிறந்ததும் இல்லை, ஆப்பிரிக்கச் செடி. அதிர்ஷ்டம் யாருக்கு என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நந்தியாவட்டை இரண்டு விற்றது. ஒன்றை வாங்கியவர் கண்ணுக்கு மருந்து என்றார். இன்னொன்று கட்டிக் கொடுத்த பையில் ஓட்டை என்று திரும்பி வந்தது. அம்மா அதிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, யாரோ ஒரு கிழவிக்கு முந்தானையில் முடிந்து கொடுத்தார். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பரிசளிப்புக்கு முன்னால் மதிப்பீட்டுக்கு ஒரு பெண் வந்தார். மகள் வயது, கையில் டேப்லெட். முன்பு டேப், இப்போது டேப்லெட். அரங்கு அமைப்பு, பெயர்ப்பலகை, ‘பசுமைச் சிந்தனை’ என்று ஒவ்வொன்றாக மார்க் போட்டுக்கொண்டே வந்தார். பீங்கான் தொட்டிகளைப் பார்த்தார். மஞ்சுளாவைத் தொட்டுப் பார்த்தார், கிள்ளவில்லை, படித்த பெண். பின் வரிசையில் ஒரு தொட்டியில் தெலுங்கில் விலை எழுதின சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மருமகள் நகர்ந்து போய் அதன் முன்னால் நின்றாள்.

‘சூப்பரா இருக்குது சார். எல்லாமே உங்க நர்சரியிலயே வளர்த்ததுங்களா?’

மருமகள் என்னைப் பார்த்தாள். அம்மா பாக்கு இடிப்பதை நிறுத்தினார். மூன்று நாளில் முதல் தடவை அந்தச் சத்தம் நின்றது.

‘எல்லாம் நம்ம கையில வந்ததுதானுங்க’ என்றேன்.

அவர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். சிறந்த அரங்கு, மூன்றாம் பரிசு.